ஒரு பகுதியின் வருமானம் கூடியதா? ஒரே எண்ணில் சொல்ல முடியாது

வீட்டு வசதித் திட்டங்களுக்குப் புள்ளிவிவரம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. "இந்த ஏரியாவில் குடும்ப வருமானம் எவ்வளவு கூடியிருக்கிறது?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு எண். அந்த ஒற்றை எண்ணை மட்டும் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. மானியம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதே அதை வைத்துத்தான் பல நேரம் முடிவாகிறது.

நான் பார்ப்பது அமெரிக்கத் தரவு. 2000 வரை, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்பின் நீண்ட படிவத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு வீட்டிடம் வருமானத்தைக் கேட்டார்கள். இப்போது அந்த வேலையை அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே செய்கிறது. வருடம் முழுக்க, மாதாமாதம் நடக்கும். 65,000 பேருக்கு மேல் இருக்கும் ஊர்களுக்கு ஒவ்வொரு வருடமும் தனி மதிப்பீடு வரும். ஆனால் சென்சஸ் டிராக்ட், அதாவது கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி, சுமார் 4,000 பேர் வாழும் இடம்; அதற்கு ஒரு வருட மாதிரி போதாது. அதனால் ஐந்து வருடப் பதில்களைச் சேர்த்து ஒரே மதிப்பீடாகத் தருகிறார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2014–2018 மதிப்பீட்டையும் 2015–2019 மதிப்பீட்டையும் அடுத்தடுத்து வைத்து "ஒரு வருடத்தில் இவ்வளவு ஏற்றம்" என்கிறார்கள். இரண்டிலும் நான்கு வருடங்கள் பொதுவானவை. ஒப்பிடுவதென்றால் 2010–2014, 2015–2019 என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறாத காலங்களை எடுக்க வேண்டும். பழைய தொகையை விலைவாசிக் குறியீட்டை வைத்துப் புதிய டாலர் மதிப்புக்கு மாற்றவும் வேண்டும். 2020லிருந்து டிராக்ட் எல்லைகளே மாறியிருக்கின்றன. அதே எண் கொண்ட டிராக்ட் அதே தெருக்களைத்தான் குறிக்கிறதா என்று வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் நான் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

சரி, இதையெல்லாம் செய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிராக்டில் இடைநிலை வருமானம், அதாவது வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் வீட்டின் வருமானம், முதலில் 52,000 டாலர், பிழை வரம்பு 6,000 (மாதிரியை வைத்துக் கணிப்பதால், உண்மை எண் இவ்வளவு வரை மேலோ கீழோ இருக்கலாம்). அடுத்த காலத்தில் 57,000, பிழை வரம்பு 7,000. பார்த்தால் 5,000 ஏறியிருக்கிறது. ஆனால் வித்தியாசத்துக்கும் ஒரு பிழை வரம்பு உண்டு. இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 9,200 வருகிறது. 5,000 அதற்குள் அடங்கிவிடுகிறது. இந்த வரம்புகள் 90 சதவீத நம்பிக்கை அளவில் தரப்படுபவை. அந்த அளவில் ஏறியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏறவில்லை என்றும் சொல்ல முடியாது. இந்தப் பதிலை யாரும் விரும்புவதில்லை, ஆனால் கையில் இருக்கும் தரவு அவ்வளவுதான் சொல்கிறது.

வரம்பைக் குறைக்கப் பக்கத்து டிராக்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது இரண்டு இடைநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. வருமானப் பிரிவு வாரியாக எத்தனை வீடுகள் என்று காட்டும் அட்டவணை இருக்கிறது, 16 பிரிவுகள். அந்த எண்ணிக்கைகளைக் கூட்டி, நடுவில் நிற்கும் வீடு எந்தப் பிரிவில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். மொத்தம் 1,000 வீடுகள், 50,000 டாலருக்குக் கீழே 440 வீடுகள், 50,000 முதல் 60,000 வரை 120 வீடுகள் என்றால், நடு வீட்டை எட்ட இன்னும் 60 வேண்டும். 120இல் 60 பாதி. ஆக இடைநிலை ஏறத்தாழ 55,000. எனக்கு இந்த அட்டவணைதான் ரொம்பப் பிடிக்கும். கீழ்ப் பிரிவுகள் அப்படியே இருக்க, நடுப்பிரிவு மட்டும் மெலிந்து மேல்பிரிவு பெருத்திருந்தால், இதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியமானது: உயர்ந்தது யாருடைய வருமானம்? சர்வே ஒரே குடும்பத்தைப் பின்தொடர்வதில்லை. அந்தந்த வருடம் அங்கே இருப்பவர்களைக் கேட்கிறது. வாடகை ஏறி, கட்டுப்படியாகாத குடும்பங்கள் காலி செய்துவிட்டு, அதிகம் சம்பாதிப்பவர்கள் குடிவந்தாலும் இடைநிலை ஏறும். அங்கேயே இருந்த ஒருவருக்குக்கூடச் சம்பளம் கூடியிருக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போக முடியாமல் பெற்றோருடன் தங்கினாலும் குடும்ப வருமானம் ஏறும். "மக்கள் முன்னேறிவிட்டார்கள்" என்று இதைப் படித்து உதவியை நிறுத்தினால், அடிபடுவது இன்னும் அங்கே தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் ஏழைக் குடும்பங்கள்தான். இது என்னை உண்மையாகவே வருத்தும் விஷயம்.

அதனால் இப்போது நான் அனுப்பும் கோப்பில், இடைநிலைக்குப் பக்கத்திலேயே அதன் பிழை வரம்பு இருக்கும். அதற்கடுத்து, சொந்த வீட்டுக்காரர்களின் இடைநிலையும் வாடகைக்கு இருப்பவர்களின் இடைநிலையும் தனித்தனியாக. கடைசிப் பத்தியில், குடும்பத் தலைவர் அந்த வீட்டுக்கு எந்த வருடம் குடிவந்தார் என்ற அட்டவணை. கூட்டத்தில் முதலில் அந்தக் கடைசிப் பத்தியைத்தான் திறக்கச் சொல்கிறேன்.