சட்டைப்பையில் அடங்கும் பாயின்ட் 22: நிறையும் குறையும்

கம்மவான்பேட்டைப் பக்கம் பட்டாளத்துக்குப் போகாத வீடு அரிது. அதனால் எங்கள் ஊர்க்காரர் எவரிடமாவது துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் விவரம் கிடைக்கும் என்று வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்து வியாபாரிகள் நம்புகிறார்கள். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களில் சிலர், உள்ளங்கையில் அடங்கும் பாயின்ட் 22 (குழலின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) கைத்துப்பாக்கியின் மேல் ஆசை வைத்துவிட்டே என்னிடம் பேசுகிறார்கள். நகைக்கடை வைத்திருக்கும் என் அக்கா மகனும் அப்படித்தான் கேட்டான்: "சின்னதா இருந்தா யாருக்கும் தெரியாம பாக்கெட்ல வச்சிக்கினு போலாம் இல்ல மாமா?" அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பாயின்ட் 22 ரிம்ஃபயர் தோட்டாவை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பாயின்ட் 32 போன்ற சென்டர்ஃபயர் தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் தனியாக ஒரு பிரைமர், அதாவது பற்றுமருந்து வைத்த சிறு மூடி, பதிக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தியதும் உள்ளே இருக்கும் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். ரிம்ஃபயரில் அந்தப் பிரைமர் கிடையாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள், ஈரப்பதமான பற்றுமருந்தைச் சுழற்றிப் பரவச் செய்து உலர்த்திவிடுகிறார்கள். 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் முதல் ரிவால்வருக்காக வந்த பாயின்ட் 22 ஷார்ட் தோட்டாவிலும், 1887-இல் வந்து இன்றுவரை உலகெங்கும் ஓடுகிற லாங் ரைபிள் தோட்டாவிலும் முறை இதுதான். சுழற்றும்போது விளிம்பில் ஒரு சிறு பகுதிக்கு மருந்து போய்ச் சேராமல் இருந்து, ஊசி சரியாக அந்த இடத்திலேயே விழுந்தால், 'டிக்' என்ற ஓசையோடு வேலை முடிந்துவிடும். தரமான தோட்டாவில் இது எப்போதோ ஒருமுறை நடக்கும். ஆனாலும் சென்டர்ஃபயரைவிட அடிக்கடி நடக்கும்.

பயிற்சித் திடலில் இது பெரிய விஷயமில்லை. குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்திருந்து, பிறகு தோட்டாவை வெளியே எடுக்கலாம். கடையைப் பூட்டிவிட்டுப் பணத்தோடு வீடு திரும்புகிறவனுக்கு அந்த அரை நிமிடம் கிடைக்காது. குண்டு சிறியது என்பதை எல்லோரும் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். என் கணக்கில், விசையை அழுத்தினால் வெடிக்குமா என்ற ஐயம்தான் அதைவிடப் பெரிய குறை. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1905-இல் வெளிவந்த பாயின்ட் 25 தோட்டா, வலுவில் பாயின்ட் 22-ஐவிட மேலானதென்று சொல்ல முடியாது. ஆனால் அது சென்டர்ஃபயர். பழைய குடும்பங்களில் இருக்கும் பாயின்ட் 25 பிஸ்டல்களுக்கு இன்னும் மதிப்பு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) வைத்த பிஸ்டலில் இன்னொரு தொல்லையும் உண்டு. தோட்டாவின் அடிவிளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், மேகசினில் ஏற்றும்போது மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டதுபோல் சிக்கிக்கொள்ளும். பெரெட்டா 21ஏ பாப்கேட் என்ற சிறு பிஸ்டலில் காலிக்கூட்டை இழுத்து வெளியேற்றும் பாகமே கிடையாது. வெடிக்கும் வேகத்திலேயே கூடு பின்னால் தள்ளப்பட்டு வெளியே விழும். வெடிக்காத தோட்டாவை எடுக்க, குழலின் பின்முனையை மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். அதே அமைப்பு வேறொரு வகையில் நன்மையும் செய்கிறது: ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை) இழுக்க விரலில் வலுவில்லாத முதியவர் கூட, குழலைத் தூக்கி ஒரு தோட்டாவை நேராக உள்ளே வைத்துவிடலாம். ரிவால்வரில் இந்தச் சிக்கல்கள் இல்லை. ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். எனவே ரிம்ஃபயர்தான் வேண்டும் என்று ஒருவர் உறுதியாக இருந்தால் ரிவால்வரையே பாருங்கள் என்பேன்; இஷாப்பூர் தொழிற்சாலையின் 'நிடர்' அந்த வகையில் வந்ததுதான்.

நிறைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாயின்ட் 22-இல் உதைப்பு மிகக் குறைவு. கல்லூரி என்சிசியில் நாங்கள் முதலில் சுட்டது பாயின்ட் 22 ரைபிளைத்தான்; தோளில் அடி விழுமே என்ற அச்சம் இல்லாததால் மூச்சையும் விசையையும் மட்டும் கவனிக்க முடிந்தது. கைத்துப்பாக்கியிலும் அப்படியே: உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வராது, அடுத்தடுத்த குண்டுகளை ஒரே இடத்தில் சேர்க்கலாம். தோட்டாவின் விலையும் பாயின்ட் 32-ஐவிடக் குறைவு என்பதால் பயிற்சி தடைபடாது. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்களுக்கு, பெரிய துப்பாக்கியை எடுத்துக் குறி தவறுவதைவிட இது நிச்சயம் மேல்.

வலுவைப் பொறுத்தவரை, 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு இரண்டரை அங்குலக் குழலில், ரைபிளில் எட்டும் வேகத்தில் கால் பங்கு வரை இழந்துவிடுகிறது. ஆளைத் தடுத்து நிறுத்த அது போதாமல் போகலாம். ஆனால் அதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணுவது பெரும் தவறு. லாங் ரைபிள் தோட்டா ஒன்றரை மைல் வரை ஆபத்தானது என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுடுவதை ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கி, இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருப்பது மிகவும் நியாயம்.

அதே திருத்தம்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கைக்குத் தெம்பு இருக்கிற முப்பது வயதுக்காரன் அந்த இரண்டில் ஒரு இடத்தைப் பாயின்ட் 22-க்குக் கொடுப்பது வீண் என்பது என் எண்ணம். அக்கா மகனைப் பாயின்ட் 32 ரிவால்வர் பக்கம் திருப்பியதற்கு அதுவே காரணம். அவன் அப்பாவுக்காக என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

பையில் வைப்பது பற்றி இன்னும் கொஞ்சம். நம் வேலூர் வெயிலில் கால்சட்டைப் பை எப்போதும் வியர்வையில் ஊறியிருக்கும். ரிம்ஃபயர் ஈயக் குண்டின் மேல் மெழுகு பூசப்பட்டிருப்பதால், பையிலுள்ள நூற்தூசி அதில் அப்பிக்கொண்டு குழல்வாய் வரை போய்ச் சேரும். சாவியோ சில்லறையோ இல்லாத தனிப் பையும், விசையை முழுவதுமாக மூடும் உறையும் கட்டாயம். ஆம்பூரில் தைக்கக் கொடுத்தால், குரோம் தோலை விட்டுப் பட்டையில் பதனிட்ட தோலைக் கேளுங்கள். வடிவம் கலையாமல் விறைப்பாக நிற்கும். இருந்தாலும் இரவில் உறையோடு பீரோவில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் எந்த உறையிலும் துரு ஏறும். எண்ணெயை மிக லேசாகப் பூசுங்கள். அதிகமானால் தோட்டாவுக்குள் கசிந்து மருந்தைக் கெடுத்துவிடும். பையில் சுமந்த தோட்டாக்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி, எடுத்தவற்றைப் பயிற்சித் திடலில் சுட்டுத் தீர்க்கும்போது எத்தனை வெடிக்காமல் போகின்றன என்று குறித்து வைத்தால், அந்த வகைத் தோட்டாவை நம்பலாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.