அரியர் வைத்த தாளில் 61: பார்ட் சி எழுதுகிறவர்களுக்கு

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. 75-க்கு 61. போன நவம்பரில் இதே ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியத் தாளில் 31 எடுத்து, ஏழு மார்க்கில் அரியர் வைத்தவன் நான். பார்ட் ஏ, பி உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். என்னைக் கவிழ்த்தது பார்ட் சி-யில் ஒரே கேள்வி: புகழ்பெற்ற கறுப்பினத்தவர்கள் 'அசல் கறுப்பர்' என்று நிரூபிக்க வேண்டியிருப்பது பற்றி.

முதல் தடவை ஒபாமாவை வைத்து நான்கு பக்கம் எழுதினேன். அப்பா கென்யர், அம்மா கான்சஸ் வெள்ளைக்காரர், பிறந்தது ஹவாய், தேர்ஃபோர் அவர் முழுக் கறுப்பர் இல்லை என்று முடித்தேன். பெருமை வேறு. அப்புறம் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் அந்த 'தேர்ஃபோர்' மேல் மட்டும் சிவப்பு வட்டம். 2007-இல் அவரைத் துரத்திய 'இவர் போதிய அளவு கறுப்பரா?' என்ற கேள்விக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டு வந்திருக்கிறேன்! வினாத்தாள் கேட்டது அளவுகோலைப் பற்றி. நான் ஆளை அளந்துவிட்டேன்.

இந்த முறை செய்தது ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கட்டம்: கேட்டது யார், கேட்டது என்ன. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரைப் போட்டதும் கட்டம் தானாக நிரம்பியது. விமானம் கண்டுபிடித்த ஆர்வில் ரைட்டோடு படித்தவர். டேட்டனில் லிஃப்ட் இயக்கிக்கொண்டே, ஏறி இறங்குகிறவர்களிடம் தன் முதல் தொகுப்பை ஒரு டாலருக்கு விற்றவர். 1896-இல் ஹவல்ஸ் என்ற பெரிய வெள்ளை விமர்சகர் அவரைத் தூக்கிப் பேசினார், ஆனால் கறுப்பினப் பேச்சுவழக்குக் கவிதைகளுக்காக. நல்ல ஆங்கிலத்தில் எழுதியவை ஓரமாகிவிட்டன. 33 வயதில் இறக்கும்வரை அந்தப் பாராட்டு டன்பரை விடவில்லை.

பாடகி விட்னி ஹூஸ்டனுக்கு நேர் எதிர். 1989-இல், கறுப்பின இசைக்கான சோல் டிரெயின் விருது விழாவில் அவர் பெயரைச் சொன்னதும் 'பூ' என்று கூச்சல். நியூவார்க் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவரின் பாட்டு 'வெள்ளையாகிவிட்டது' என்று கறுப்பின ரசிகர்களுக்கே கோபம்.

சில குறிப்புகள்:

- மேற்கோள் மனப்பாடம் வேண்டாம். எனக்கு நிற்காது, அதனால் சொல்கிறேன்.
- அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமஸை எடுத்தால் ஜாக்கிரதை. அவர் தீர்ப்புகளைத் திட்டுவது வேறு, அவர் கறுப்பரே இல்லை என்பது வேறு.
- கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் 1926 கட்டுரை கட்டாயம். வெள்ளையருக்கோ கறுப்பருக்கோ பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, நாங்கள் எழுதுவதை எழுதுவோம் என்பார். ஆனால் 'கறுப்பினக் கவிஞன்' என்றில்லாமல் வெறும் கவிஞனாக இருக்க ஆசைப்பட்ட இளைஞனை அதே கட்டுரையில் கண்டிக்கிறார். அதுவும் ஓர் அளவுகோல்தானே? இதைச் சொல்பவர்கள் குறைவு.

கடைசியாகக் கமலா ஹாரிஸ். 1986-இல் கறுப்பினத்தவருக்கென உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவரை, ஏதோ திடீரென்று கறுப்பராகிவிட்டவர் போல 2024 ஜூலையில் சிகாகோவில் டிரம்ப் பேசினார். நாம் மட்டும் என்ன, அவருடைய அம்மா வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியபோது அவருடைய ஜமைக்கா அப்பாவை எத்தனை பேர் நினைத்தோம் என்று ஒரு வரி சேர்த்தேன். ரிஸ்க்தான். அதற்குள் பெல் அடித்துவிட்டது, முற்றுப்புள்ளி வைத்தேனா என்று இன்னும் சந்தேகம்.