கணக்கில் வராத பாதங்கள்

ஜூன் 4, செவ்வாய்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிதான் எனக்கு நாளிலேயே பெரிய வேலை. சின்ன வயதில், தோட்டத்து ரோட்டுக்கு ஜல்லி கொட்டிய நாட்களில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அதே வலிதான் இது. கல் மட்டும் இப்போது பாதத்துக்குள்ளே இருக்கிறது.

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் என்று சொல்லி மூன்று வருடம் ஆகிறது. மாத்திரை தொடங்கிய பிறகு கை வீக்கம் நன்றாகவே இறங்கி வந்தது. ஊசியில் நூல் கோர்க்கிறேன், ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்கிறேன். கால் மட்டும் கேட்கவில்லை. விரல்களுக்குக் கீழே இருக்கும் அந்த மேட்டில்தான் வலி முழுவதும். அதே மேட்டால்தான் தையல் மெஷினை நாள் முழுக்க மிதிக்கிறேன்.

எங்கள் இஸ்தோப்பிலிருந்து, அதாவது வாசல் திண்ணையிலிருந்து, ரோட்டுக்கு 38 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது உடம்பின் பாரம் எல்லாம் முன்பாதத்தில் விழுகிறது. அதனால் பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குகிறேன். மழை பெய்தால் படியில் பாசி வேறு.

ஜூன் 9, ஞாயிறு

மாத்திரை நாள். மெதொட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு தரம் மட்டும். காலண்டரில் எல்லா ஞாயிறையும் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இதைத் தினமும் விழுங்கினால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று கிளினிக்கில் மிஸ்ஸி, அந்தத் தாதி, எத்தனை தரம் சொல்லியிருப்பார்! போலிக் அசிட் விட்டமின் மாத்திரை வேறு நாளில்.

இலங்கை மலையகத்தில், எங்கள் மஸ்கெலியா பக்கம் மே முடிந்தால் மழைதான். காலையில் விறகு பொறுக்கப் போனபோது விரல் இடுக்கில் அட்டை. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவார்கள், நான் மறந்துவிட்டேன். சுண்ணாம்பு வைக்கச் சொன்னார் அம்மா. வைக்கவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் கட்டினேன். இந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் மூட்டைக் காப்பாற்றுகிறது. அதனால் காலில் வரும் சின்னப் புண்ணையும் நான் சும்மா விட முடியாது. சிவக்கிறதா, சூடேறுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

அடுத்த காம்பராவில், பக்கத்து லயத்து அறையில், இருக்கும் அக்கா பாதத்துக் காய்ப்பைப் பார்த்துவிட்டு, "பிளேடு கொண்டாறேன், சீவி விட்ருவோம்" என்றார். பாசத்தில்தான் சொன்னார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 13, வியாழன்

கிளினிக். விடியும் முன்னே பஸ், அப்புறம் வரிசை.

இன்று இருந்தவர் புதிய டொக்டரம்மா. வழக்கம்போல் மூட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கொப்பியில் ஏன் எப்போதும் 28 என்று எழுதுகிறார்கள் என்று இத்தனை நாளில் முதல் தரம் கேட்டேன். அவரும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, கைவிரல்களில் 20, முழங்கால் 2. நோய் எவ்வளவு வேகத்தில் இருக்கிறது என்று அளப்பதற்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற கணக்காம்.

கால் எங்கே என்று கேட்டேன். அந்தக் கணக்கில் கணுக்காலும் பாதமும் இல்லை என்றார்.

என் வாய் அடைத்துப் போனது. மூன்று வருடமாக 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி அனுப்பினார்கள். நானும் சொக்ஸைக் கழற்றியதே இல்லை. சேறு பட்ட காலை எப்படிக் காட்டுவது என்ற வெட்கம் எனக்கு. இன்று கழற்றினேன். அவர் முன்பாதத்தை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக அமுக்கினார், கத்திவிட்டேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது காலில் சுண்டுவிரல் அடிமூட்டின் எலும்பு ஓரம், எலி கொறித்தது போல் சின்னதாக அரிக்கப்பட்டிருக்கிறது. அரித்தது இனித் திரும்பி வளராது, மேலும் அரிக்காமல் பார்க்கலாம் என்று சொல்லி மாத்திரை அளவைக் கூட்டினார். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். கை நன்றாக இருந்த காலத்திலெல்லாம் கால் உள்ளே அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. நோர்வூட் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

பிசியோதெரபிஸ்ட் தம்பி சொல்லித் தந்தபடி, தடித்த ஃபெல்ட் துணியில் கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மெத்தை வெட்டி, செருப்புக்குள் ஒட்டினேன். வலிக்கிற இடத்துக்கு நேரே.

ஜூன் 18, செவ்வாய்

வலி இரட்டிப்பு. நேற்று மெஷினில் உட்காரவே முடியவில்லை.

தப்பு என்னுடையதுதான். பிசியோதெரபிஸ்ட் தம்பி கொடுத்த தாளை எடுத்து மறுபடி படித்தேன். மெத்தை வலிக்கிற மேட்டின் அடியில் இருக்கக் கூடாது, அதற்குக் கொஞ்சம் பின்னால், குதிகால் பக்கமாக இருக்க வேண்டும். அங்கே தூக்கிக் கொடுத்தால் மேட்டின் மேல் இருக்கும் பாரம் குறையும். நான் வலியைத் துணி வைத்து மூடப் பார்த்தேன். பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான் அதன் வேலை.

சரி, அந்த இடத்தை எப்படித் துல்லியமாகக் கண்டுபிடிப்பது? அம்மாவின் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, வலிக்கிற இடங்களில் பொட்டு வைத்துக்கொண்டு செருப்பில் ஏறி நின்றேன். இறங்கிப் பார்த்தால் மூன்று சிவப்புப் பொட்டு. அதற்குப் பின்னால் மெத்தையை ஒட்டினேன். சட்டைக்கு அளவு எடுப்பவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ஜூன் 22, சனி

ஹட்டனில் சப்பாத்து வாங்கினேன். வேண்டுமென்றே பின்னேரம் போனேன், அந்த நேரத்தில்தான் கால் முழுதாக வீங்கியிருக்கும். வீட்டில் தாளின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். கடையில் பெண்களுக்கான சப்பாத்துகளின் மேல் அந்தத் தாளை வைத்தால், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் தாள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முனை அவ்வளவு ஒடுக்கம். கடைசியில் ஆண்கள் பக்கத்தில்தான் கிடைத்தது. முன்னால் அகலமும் உயரமும் உண்டு, விரல் மடங்கும் இடத்தில் மட்டும் அடி வளைகிறது, நடுவில் முறுக்கினால் மடங்கவில்லை. லேசுக்குப் பதில் ஒட்டும் பட்டி, விரல் வலிக்கிற நாளிலும் நானே போட்டுக்கொள்ளலாம்.

கறுப்பு நிறம், அழகில்லை. பரவாயில்லை.

ஜூலை 3, புதன்

மழை, கரண்ட் இல்லை. காலை கொஞ்சம் பரவாயில்லை. எழும்புவதற்கு முன்னால் போர்வைக்குள்ளேயே கணுக்காலைச் சுற்றுகிறேன், விரல்களை மடக்கி நீட்டுகிறேன். அடுப்படியில் காய வைத்த சொக்ஸைச் சூட்டோடு மாட்டுகிறேன். குளிரால் வந்த நோய் இல்லை இது, உடம்பு தன் மூட்டுச் சவ்வைத் தானே தாக்குவதால் வந்தது. ஆனாலும் சூடு பட்டால் விறைப்பு சீக்கிரம் இளகுகிறது.

இரவு விளக்கு வெளிச்சத்தில் அம்மாவின் காலைக் கழுவி எண்ணெய் போட்டேன். வெடிப்பு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய விரல்கள். வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிச்சா யாருக்கிட்ட சொல்றது? காலையில பெரட்டுக்கு நிக்கணுமே." பெரட்டு என்றால் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடம்.

அம்மாவுக்கும் இதே நோய்தானா, இல்லை 40 வருடம் மலை ஏறி இறங்கியதா, தெரியாது. ஒரு டொக்டரும் அந்தக் காலைப் பார்த்ததில்லை. அடுத்த தரம் அம்மாவையும் கூட்டிப் போகிறேன்.

ஜூலை 11, வியாழன்

மறுபடி கிளினிக். அம்மா வரவில்லை, "ஏன்டி புள்ள, இந்த வயசுல" என்று ஒரே பிடிவாதம். விடமாட்டேன்.

வரிசையில் பக்கத்தில் பொகவந்தலாவையிலிருந்து வந்த ஓர் அக்கா. கை விரல்கள் வீங்கியிருந்தன. கால் எப்படி என்று கேட்டேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டு உடனே இழுத்து மூடிக்கொண்டார். நானும் மூன்று வருடம் அப்படித்தான் மூடினேன், உள்ளே போனதும் செருப்பைக் கழற்றுங்கள் அக்கா என்றேன். "அவங்க கேக்கலையே" என்றார். கேட்கமாட்டார்கள், நீங்களே கழற்றுங்கள் என்றேன்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார், கையில் ஒரு சீட்டு.

"எக்ஸ்ரே எந்தப் பக்கம் தங்கச்சி?"

எழுந்து கூடவே நடந்தேன். நீளமான தாழ்வாரம், இரண்டு பேருக்கும் மெதுவான நடை.