செல்போன் ஸ்டார்ட்டர்: ஆம்பியர் பார்த்து வையுங்கள்

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டு ஊர்களின் பக்கம் பாறைப் பூமி. போர்வெல்லில் தண்ணீர் நின்ற பிறகும் மோட்டார் ஓடினால் அதன் காயில் (கம்பிச் சுருள்) கருகிவிடும். அப்போது மோட்டாரைத் தானாக நிறுத்துவதுதான் செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டரின் உண்மையான பயன். வீட்டிலிருந்து சுவிட்ச் போடுவது கூடுதல் வசதி, அவ்வளவே.

குழாய் நிறையத் தண்ணீர் கொட்டும்போது கிளாம்ப் மீட்டரால் (வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் கருவி) மூன்று பேஸையும் அளந்து பாருங்கள். 10 ஆம்பியர் காட்டினால் டிரை ரன்னை (தண்ணீரில்லாமல் ஓடி ஆம்பியர் குறைந்தால் நிறுத்தும் அளவு) 8-லும், ஓவர்லோடை (சுமை கூடி ஆம்பியர் ஏறினால் நிறுத்தும் அளவு) 11.5-லும் வையுங்கள். கம்பெனி செட்டிங்கை நம்பி விட்டுவிடாதீர்கள், அது உங்கள் மோட்டாருக்குப் பொருந்தாவிட்டால் தண்ணீரில்லாமலே மோட்டார் ஓடும். டிரை ரன்னில் டிரிப் ஆனால் (தானாக நின்றால்), ஊற்று ஊற ஒரு மணி நேரமாவது விட்டு மறுபடி போடுங்கள்.

ஸ்டார்ட்டரில் சிம் போடுமுன் அதன் பின் (PIN) லாக்கை எடுத்துவிடுங்கள். பழைய 2ஜி பெட்டியில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் கிடைக்காது, வெளியே எடுத்து மாட்டுங்கள். சிம்மின் ரீசார்ஜ் காலம் தீர்ந்துபோனாலும் மோட்டார் பதில் சொல்லாது. ஆட்டோ ஸ்டார்ட்டுக்கு (கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடுவது) பக்கத்துக் கிணற்றுக்காரரோடு பேசி ஆளுக்கொரு தாமத நேரம் வையுங்கள். கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாக எழுந்தால் வோல்டேஜ் விழும்.