ஆறு பெட்டி, ஒரு டார்ச், ஒரு கொடிக்கயிறு

வீட்டுப் பரணில் ஆறு அட்டைப்பெட்டி கிடக்கிறது. மூன்று அமெரிக்காவிலிருந்து வந்தது, மூன்று நம் நாட்டுச் சரக்கு. எல்லாமே மாதச் சந்தா பெட்டிகள், அதாவது மாதாமாதம் பணம் கட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே துப்பாக்கி சுடுகிற ஆட்களுக்கான சாமான்களை அனுப்பி வைப்பார்கள். தீபாவளிக்குள் பரணைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. தூக்கிப் போடுவதற்கு முன்னால் எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதி வைத்துவிடுகிறேன், வாங்க நினைக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் என்னைப் பற்றி. நான் சுடுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். வாரம் மூன்று நாள் சாயங்காலம் கிளப்புக்குப் போகிறேன், நல்ல நாளில் 600க்கு 545 வரும், கெட்ட நாளில் எவ்வளவு வரும் என்று இங்கே எழுத மாட்டேன். தெருவில் பாதிப் பேருக்கு நான் ஏதோ கண்மாயில் கொக்கு சுடுகிற ஆள் என்று நினைப்பு. பறவையைச் சுட்டால் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான், நான் சுடுவது அட்டையை மட்டும்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அடுத்த கேள்வி எப்போதும் லைசென்ஸ். 4.5 மில்லிமீட்டர் குழாய், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல், இந்த இரண்டுக்குள் இருக்கிற ஏர் கன்னுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. இதைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரியும், என்னமோ நான் பொம்மை வைத்து விளையாடுகிற மாதிரி.

அமெரிக்கப் பெட்டி வந்தது என் மனைவியின் தம்பி மூலமாக. டல்லாஸில் இருக்கிறான். அங்கே இது பெரிய வியாபாரம். 2015இல் தொடங்கிய, காடு மலை சுற்றுகிறவர்களுக்குச் சாமான் அனுப்புகிற பேட்டில்பாக்ஸ் மாதிரி கம்பெனிகள் பேசிக், அட்வான்ஸ்ட், புரோ, புரோ பிளஸ் என்று நாலு படி வைத்திருக்கின்றன, உச்சிப் படிக்குப் போனால் மாதாமாதம் ஒரு கத்தியும் வரும். இவன் சேர்ந்தது வேறொரு சின்னக் கம்பெனியில். ஆறு மாதம் கட்டினான், பெட்டியைப் பிரிக்கவே நேரமில்லை, கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மூன்றை சூட்கேஸில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். "மச்சான், உங்களுக்குத்தான் இந்தப் பைத்தியம் இருக்கே, வெச்சுக்கங்க" என்றான். வழியில் ஏதும் வம்பு வந்ததா மாப்ள என்று கேட்டேன். பெட்டியில் 9 எம்எம் டம்மி தோட்டா ஐந்து இருந்ததாம், ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக், வெடிக்காது, பழகுவதற்கு மட்டும். அதை மட்டும் அங்கேயே எடுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். புத்திசாலி. 9 எம்எம் நம் நாட்டில் சாதாரண ஆளுக்கு லைசென்ஸே கிடைக்காத ரகம், அது டம்மிதான் என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஏர்போர்ட்டில் நின்று யாருக்கு விளக்கம் சொல்வது?

மிச்சம் இருந்ததில் முதலில் கையில் எடுத்தது கத்தி. மடக்குக் கத்தி, கருப்புப் பூச்சு, பிடியில் வரி வரியாகக் கோடு, ஒரு பக்கம் பல். பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது. ஆனால் என் அம்மா ஊர் திருப்பாச்சேத்தி பக்கம். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த அரிவாள் வீட்டு மூலையில் சாய்ந்து கிடக்க, அதில் தேங்காய் உடைத்து, கருவேலமுள் வெட்டி, ஆட்டுக்குத் தழை அறுத்த கையிடம் இந்தக் கத்தியைக் கொடுத்தால் என்ன ஆகும்? அம்மா அதை மடக்கி நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "வெங்காயம் நறுக்கலாம்" என்றார். நறுக்கிப் பார்த்தார். பல் இருக்கிற பக்கத்தில் வெங்காயம் சிக்கிக்கொண்டது. திரும்பக் கொடுத்துவிட்டார்.

டாக்டிகல் பேனா என்று ஒன்று. அலுமினியத்தில் கனமாக, பின்பக்கம் கூர்மையாக, கார் கண்ணாடியை உடைக்கலாமாம். நன்றாகத்தான் எழுதியது, அதனால் சட்டைப் பையிலேயே குத்தி வைத்திருந்தேன், அதை மறந்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை மீனாட்சி கோயிலுக்கும் போய்விட்டேன். செல்போனையே வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிற இடம் அது. சோதனை போட்ட காவலர் பேனாவை எடுத்து, திருகி, கூர்முனையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "பேனாதான் சார்" என்றேன். "பேனா எதுக்கு சார் இப்படி இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. செருப்பு விட்ட இடத்திலேயே பேனாவையும் விட்டுவிட்டுப் போனேன்.

தேறியதைச் சொல்லலாம் என்றால் இரண்டைச் சொல்வேன். ஒன்று டார்ச். உருண்டை லித்தியம் பேட்டரி போட்டது, நல்ல வெளிச்சம், தண்ணீரில் விழுந்தாலும் எரிந்தது. மேலூரில் மாமனாருக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. மும்முனை கரண்ட் நடுராத்திரி வந்தால் நடுராத்திரி எழுந்துபோய்த்தான் மோட்டார் போட வேண்டும், வரப்பில் பாம்பு கிடக்கும். அவர் ஒரு தடவை அதை அடித்துப் பார்த்தார், அவ்வளவுதான், டார்ச் அதற்கப்புறம் மதுரைக்குத் திரும்பவில்லை. இன்னொன்று காதுக்கு மாட்டுகிற மஃப். ஏர் பிஸ்டலுக்கு அது கட்டாயமில்லை, சத்தம் அவ்வளவாக வராது, இருந்தாலும் பக்கத்து லேன்காரர் போடுகிற டப் சத்தம் நம் மூச்சைக் கெடுக்காமல் இருக்கும். அதைவிட முக்கியமாக, எங்கள் தெருவில் முளைப்பாரித் திருவிழாவுக்குக் குழாய் ரேடியோ கட்டினால் மூன்று நாளைக்கு நிறுத்த மாட்டார்கள். இந்த வருஷம் நான் தூங்கினேன்.

காலில் கையில் ரத்தம் பீறிட்டால் கட்டுகிற டூர்னிக்கேயும் ஒன்று வந்தது. இதில் மட்டும் விளையாட்டில்லை. சந்தையில் அச்சு அசலாகப் போலி வருகிறது, வாரை இறுக்கத் திருகுகிற கட்டை பாதியில் ஒடிந்துவிடும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது எந்த ரகம் என்று சொல்ல எனக்கு அறிவு போதாது, கட்டிப் பழகவும் இல்லை. பழகாத ஆளிடம் அது வெறும் வார். முதலுதவி வகுப்புக்குப் போகாமல் இதைப் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு தைரியமாகத் திரியாதீர்கள்.

பாராகார்டு கயிறு 30 மீட்டர். 550 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 250 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. மொட்டைமாடியில் இப்போது அதுதான் கொடி. நனைந்த ஜமுக்காளம் போட்டால் தொய்கிறது என்று வீட்டில் புகார்.

அப்புறம் டார்கெட் தாள்கள். ஆள் உயரத்துக்குக் கருப்பாக ஒரு மனித உருவம், நெஞ்சில் வட்டம். சுவரில் ஒட்டிப் பார்க்கலாம் என்று பிரித்தேன், வீட்டில் அந்தக் கணமே மடித்து வைக்கச் சொல்லிவிட்டார்கள், எனக்கும் அதில் வருத்தமில்லை. நான் பழகுவது ஒரு ஆளைச் சுடுவதற்கு இல்லை. இன்னொரு பெட்டியில் சுட்டால் சுற்றுகிற இரும்புத் தட்டு. இதை ஏர் கன்னால் சுடலாமே என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். ஈயக் குண்டு இரும்பில் பட்டால் தெறித்துத் திரும்பி வரும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் நின்று சுட்டுக் கண்ணில் வாங்கினால் யாரைக் குறை சொல்வது?

சரி, நம் நாட்டுப் பெட்டிக்கு வருகிறேன். கோபம் இதில்தான். மாதம் 1,999 ரூபாய், "ஷூட்டர்களுக்காக ஷூட்டர்களே தயாரித்தது" என்று விளம்பரம். கம்பெனி பெயர் வேண்டாம், இரண்டு மூன்று பையன்கள் சேர்ந்து நடத்துகிறார்கள் என்று நினைக்கிறேன், வயிற்றில் அடிக்க விருப்பமில்லை. முதல் மாதம் பெல்லட் வந்தது, டப்பாவில் இல்லை, ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில். பெல்லட்டைத் தெரியாதவர்களுக்கு: ஏர் கன்னில் போடுகிற ஈயக் குண்டு, தலை தட்டையாக இருக்கும், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, கீழே பாவாடை மாதிரி விரியும். அந்தப் பாவாடைதான் குழாய்க்குள் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. மெல்லிய ஈயம், நகத்தால் அழுத்தினாலே நசுங்கும். அதைக் கவரில் போட்டுக் கூரியரில் அனுப்பினால் எப்படி வரும்? கால்வாசிக்குப் பாவாடை கோணல்.

சந்தேகம் வந்ததும் தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கிற நண்பனிடம் போய், அவன் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். மில்லிகிராம் காட்டுகிற தராசு. என் பழைய டப்பாவில் இருந்து 20 எடுத்தால் எல்லாம் 0.52, 0.53 கிராமுக்குள் நின்றது. பெட்டியில் வந்த 20, 0.49இல் தொடங்கி 0.56 வரை ஓடியது. "என்னடா இது, சேதாரம் போட்டு வித்திருக்கானா?" என்றான். 10 மீட்டரில் எடை வித்தியாசம் பெரிதாகக் கெடுக்காது என்று சொல்கிற சீனியர்கள் உண்டு, தலையின் அளவு மில்லிமீட்டரில் 4.49ஆ 4.50ஆ 4.51ஆ என்பதுதான் முக்கியம் என்பார்கள். இருக்கட்டும். இந்தக் கவரில் அளவும் போடவில்லையே.

அதே பெட்டியில் கண் மறைப்பு, பிளைண்டர், ஒன்று இருந்தது. குறி பார்க்காத கண்ணை மூடிக்கொண்டே 60 ஷாட் போட்டால் முகமே இழுத்துக்கொள்ளும், அதனால் ஒரு சின்னத் தகட்டால் மறைப்போம். போட்டி விதிப்படி கண்ணுக்கு முன்னால் வைக்கிற மறைப்பு 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. வந்ததோ கடற்கொள்ளைக்காரன் கட்டுகிற மாதிரி கருப்புத் துணி. ஒரு கண் இருட்டில் இருந்தால் இன்னொரு கண்ணின் பாவையும் சேர்ந்து விரிந்துகொள்ளும், குறி மங்கும், அதற்காகத்தான் வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளைத் தகடு வைப்பது. ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி நானே செய்தது ஐந்து வருஷமாக ஓடுகிறது.

இரண்டாம் மாதம் குழாய் துடைக்கிற பிரஷ்ஷும் ஒரு எண்ணெயும். பிரஷ் .22 இஞ்ச் அளவு, என் 4.5 மில்லிமீட்டர் குழாய் .177 இஞ்ச், உள்ளேயே போகாது. எண்ணெய் பெட்ரோலிய வகை. இதைப் புதிதாகச் சேர்ந்த பையன் எவனாவது ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிளின் அழுத்த அறைக்குள் விட்டால், அமுங்கின காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு டீசல் என்ஜின் மாதிரி வெடிக்கும், வாஷர் போய்விடும். ஷூட்டர்களே தயாரித்தார்களாம். மூன்றாம் மாதம் சிப்பாய் டிசைன் முகமூடி, பையில் ஒட்ட மண்டையோட்டு பேட்ச், நாலு ஸ்டிக்கர். அதோடு நிறுத்திவிட்டேன்.

நிறுத்துவதற்கு அவர்கள் இணையப் பக்கத்தில் பொத்தானைத் தேடினால் கிடைக்காது. தேடவும் வேண்டாம். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி ஒன்று நடப்பில் இருக்கிறது, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி நமக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அங்கேயே அந்த அனுமதியை ரத்து செய்யலாம். நான் அந்தக் குறுஞ்செய்தியில் இருந்த இணைப்பு வழியாகத்தான் வெளியே வந்தேன்.

பொருள் மட்டம் என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்த "உள்ளே என்ன இருக்கு தெரியுமா" என்கிற வியாபாரமே இந்த விளையாட்டுக்கு ஒத்துவராது. 11.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்தாம் வட்டத்தில், ஒற்றைக் கையை நீட்டி, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான இரும்பைப் பிடித்துக்கொண்டு, 75 நிமிஷத்தில் 60 தடவை ஒரே காரியத்தை ஒரே மாதிரி செய்ய வேண்டும். அதே நிற்பு, அதே மூச்சு, அதே பெல்லட், அதே அட்டை. கிளப்பில் எங்கள் கோச் பழைய ஷூ பிய்ந்துபோனதற்கு இரண்டு மாதம் புலம்பினார், புதுசின் அடிப்பாகம் அரை இஞ்ச் கூட என்று. அப்படிப்பட்ட ஆட்களிடம் மாதாமாதம் வேறு வேறு சாமான் கொடுத்து ஆச்சரியப்படுத்தினால்? எனக்கு ஆச்சரியமே வேண்டாம். எனக்கு வேண்டியது மாதம் 1,000 பெல்லட், அதாவது 500 எண்ணிக்கை டப்பா இரண்டு, ஒரே தயாரிப்புத் தொகுதி எண், ஒரே தலையளவு. அப்புறம் அட்டை. இதை ஒருவன் மாதாமாதம் சரியான தேதிக்கு அனுப்பினால் ஆயுளுக்கும் சந்தா கட்டுவேன். அப்படிப் பெட்டி போட யாருக்கும் ஆசையில்லை, பிரித்து வீடியோ எடுக்க அதில் ஒன்றுமில்லையே.

அட்டைக்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். கிளப்பில் நாலு பேர் சேர்ந்து சிவகாசியில் அச்சடித்தோம். காலண்டர் அடிக்கிற ஊருக்கு 17 சென்டிமீட்டர் சதுர அட்டையில் வட்டம் போடுவது பெரிய காரியமா? முதல் தடவை நாங்களே கெடுத்தோம். பளபளவென்று இருக்கட்டும் என்று ஆர்ட் போர்டில் அடிக்கச் சொன்னோம், லைட் பட்டு எதிரொளித்ததில் 59.5 மில்லிமீட்டர் கருப்பு சாம்பலாகத் தெரிந்தது, ஓட்டையும் வட்டமாக விழாமல் பூ மாதிரி கிழிந்தது, எட்டா ஒன்பதா என்று தினம் சண்டை. இரண்டாம் தடவை ஒருத்தர் போய், அச்சகத்தில் இருந்த ஏழெட்டு வகை அட்டையையும் துண்டு துண்டாக வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் பத்து ஷாட் போட்டுப் பார்த்து, மங்கலான, கொஞ்சம் சொரசொரப்பான ஒரு போர்டைப் பிடித்தோம். பஞ்ச் போட்ட மாதிரி ஓட்டை. ஆயிரம் அட்டை, ஆளுக்கு 250. இன்னும் அதில்தான் ஓடுகிறது.

பரணில் இப்போது மிச்சம்: மண்டையோட்டு பேட்ச், முகமூடி, உள்ளே போகாத பிரஷ், மனித உருவத் தாள் பத்து. தாள்களின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, பையன் பள்ளிக்கூட சார்ட்டுக்குக் கேட்டிருக்கிறான். எண்ணெயைக் கேட் கீலுக்கு விட்டேன், கிறீச் சத்தம் நின்றுவிட்டது. மாப்ள டிசம்பரில் மறுபடி வருகிறான், ஏதாவது வேண்டுமா மச்சான் என்று கேட்டான். மாமனார் இன்னொரு டார்ச் கேட்கிறார்.