முடிவில்லாத மெட்டுக்கு ஒரு தீர்மானம்

சென்ற ஆண்டின் பெரும்பகுதி எனக்கு மெட்டு எதுவும் வரவில்லை. பினாங்கில் நடனப் பள்ளிகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் இசையமைத்துக் கொடுப்பது என் தொழில். கேட்டவர்களுக்குக் கேட்ட நாளில் பாட்டுப் போட்டுக் கொடுத்தே பல ஆண்டுகள் ஓடிவிட்டன. பிறகு ஒரு கட்டத்தில், கீபோர்டில் இரண்டு சுரம் வைத்தவுடனேயே அது யாருடைய பாட்டில் எந்த இடத்தில் வருகிறது என்று காது சொல்லத் தொடங்கியது. மூன்றாவது சுரத்துக்குக் கை நகர்வதற்குள் அந்த வரி செத்துவிடும். நாள் தவறாமல் உட்கார்ந்தேன், பழைய வர்ணங்களை வாசித்தேன், புதிய ஒலிகளை வாங்கிப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை, ஏனென்றால் கை ஒன்றைச் செய்து முடிப்பதற்கு முன்பே காது தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் என் தம்பி மகன், தன் அப்பாவின் பழைய கேம் பாயை, அதாவது நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டுக்கு வந்து, “பெரியப்பா, இந்தப் பாட்ட கீபோர்டுல வாசிச்சுக் காட்டுங்க” என்றான். அது டெட்ரிஸ் விளையாட்டின் இசை. வாசித்துக் காட்டினேன். அவன் போன பிறகும் வாசித்துக்கொண்டே இருந்தேன். அது யாருடைய பாட்டு என்ற கேள்விக்கு விடை முதலிலேயே தெரிந்திருந்ததால் காதுக்கு அங்கே தீர்ப்பு வழங்க எதுவும் இல்லை. மெட்டு இருக்கிறது, அதை என்ன செய்யலாம் என்பது மட்டுமே கேள்வி. அந்தச் சிறிய கேள்விக்கு என் கை உடனே வேலை செய்யத் தொடங்கியது.

1989-இல் வெளிவந்த கேம் பாய்க்கு நான்கே ஒலிச் சேனல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் தனித்தனிக் குரல்கள். இரண்டு சதுர அலைகளுக்கு, ஒன்று 32 புள்ளிகளால் நாமே வரைந்துகொள்ளக்கூடிய அலைக்கு, ஒன்று வெறும் இரைச்சலுக்கு. இந்த அலைச் சேனலின் ஒலியளவை முழுமை, பாதி, கால் என்று மாற்றலாம், அல்லது அடியோடு நிறுத்தலாம். அதற்கு மேல் நுணுக்கம் கிடையாது. ஒவ்வொரு சேனலாக நிறுத்திக் கேட்க உதவும் மென்பொருள்கள் இப்போது கிடைக்கின்றன. அப்படிக் கேட்டபோது, ஒரு சதுர அலை மெட்டைச் சுமப்பதும், மற்றொன்று அதற்குக் கீழே துணைக்குரலாக நடப்பதும், அலைச் சேனல் கீழ் சுரத்துக்கும் அதன் மேல் ஸ்தாயிக்கும் மாறி மாறித் தாவி அடிக்குரலான பாஸாக நிற்பதும், இரைச்சல் சேனல் தாளக் கருவியாக மாறுவதும் தெளிவாகத் தெரிந்தது. எதை எடுத்தாலும் பாட்டில் ஓட்டை விழுகிறது. என் கணினியில் நூற்றுக்கணக்கான கருவிகளின் ஒலிகளை வைத்துக்கொண்டு நான் எழுதிய பல பாடல்களில் பாதியை எடுத்துவிட்டாலும் யாருக்கும் தெரிந்திருக்காது என்ற எண்ணம் அப்போது வந்தது. வேண்டாதது எதுவுமே இல்லாத இசையைச் சுரம் சுரமாக எழுதியெடுப்பதே ஒரு பெரிய பயிற்சி.

இந்த மெட்டு எந்த விளையாட்டுக்காகவும் பிறந்ததல்ல. ரஷ்யக் கவிஞர் நிக்கொலாய் நெக்ராசவ் 1861-இல் எழுதிய ‘கொரோபெய்னிகி’ என்ற கவிதையின் தொடக்க வரிகள் மக்கள் வாயில் நாட்டுப்பாடலாகிவிட்டன. முதுகில் பெட்டி சுமந்து ஊர் ஊராகத் துணிமணி விற்கும் வணிகர்களைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அலெக்சி பஜித்னவ் 1984-இல் மாஸ்கோவில் டெட்ரிஸை உருவாக்கினார். அது கேம் பாய்க்கு வந்தபோது, நிண்டெண்டோவின் ஹிரோகாசு தனாகா அந்தப் பாட்டை நான்கு சேனல்களுக்குள் அமைத்தார். ஆகவே என் கைக்கு வந்ததே ஒரு மறு அமைப்புத்தான். கவிதையை மக்கள் பாட்டாக்கினார்கள், பாட்டைத் தனாகா சதுர அலையாக்கினார், அடுத்த கையாக நான் நிற்கிறேன். இதை அறிந்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. புதிதாக ஒன்றைப் பிறப்பிப்பதுதான் இசையமைப்பாளனின் வேலை என்று நான் நம்பியிருந்தேன். இந்தப் பாட்டின் வரலாற்றில் அப்படி ஒருவரையும் தனியே பிரித்துக் காட்ட முடியவில்லை.

துணி விற்பவர் பாட்டு என்றதும் என் பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் சம்பளம் போடும் சமயத்தில் சைக்கிளின் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு ஒரு துணிக்காரர் வருவாராம். லயத்துப் பெண்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடிவிட, புடவையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே விலை பேசுவாராம். விளையாட்டில் நாம் கேட்டுப் பழகிய விறுவிறுப்பு அந்த மனிதருக்குப் பொருந்தாது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். என் அமைப்பின் முதல் முடிவு அதுதான், மற்ற எல்லா முடிவுகளும் அதைப் பின்தொடர்ந்தே வந்தன.

வேகம் குறைந்ததும் ராகம் தெரிந்தது. ‘ப ரி க ம க ரி ஸ, ஸ க ப ம க ரி’ என்று முதல் பகுதி நடபைரவி ராகத்தில் நடக்கிறது. ‘ம த ஸ நி த ப’ என்று மேல் ஸட்ஜத்தைத் தொட்டு இறங்கும்போதும் நிஷாதம், அதாவது ‘நி’, தாழ்ந்த வகையான கைசிகிதான். இரண்டாம் பகுதியில் சுரங்கள் நீண்டு, ‘ப க ம ரி க ஸ நி’ என்று கீழே இறங்கும்போது அந்த நிஷாதம் உயர்ந்த வகையான காகலியாகிவிடுகிறது. ஒரே ஒரு சுரம் மாறியதும் நாம் கீரவாணி ராகத்துக்குள் நிற்கிறோம். மேற்கத்திய இசையில் இது மைனர் ஸ்கேலின் சாதாரண வழக்கம், இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு வயலினில் வாசிக்கக் கேட்டால், அந்த ஒரு சுரத்தில் பாட்டின் மனநிலையே திரும்புவது கேட்கும்.

சுரத்தை அசைத்து ஒலிக்கும் கமகத்தை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். சதுர அலை அசைவில்லாத ஒலி. அதில் பிறந்த உருவத்தை எல்லா இடத்திலும் அசைத்தால் பாட்டு அடையாளம் இழந்துவிடும். பஞ்சமத்திலிருந்து ரிஷபத்துக்கு விழும் முதல் தாவல்தான் இந்த மெட்டின் முகம் என்பதால் அங்கே சுரத்துக்குச் சுரம் வழுக்கும் ஜாரு கூடாது, சுத்தமாக விழ வேண்டும் என்று முடிவு செய்தேன். நீண்டு நிற்கும் காந்தாரத்துக்கு மட்டும் கம்பிதம் என்ற அசைவைக் கொடுத்தேன். துணைக்குரலை அப்படியே வீணையில் வைத்தபோது ராகத்தின் கட்டு தளர்ந்தது. எனவே அதைக் கூடவே ஓட விடாமல், வயலின் மூச்சு வாங்கும் இடங்களில் பதிலாக வரும்படி மாற்றி எழுதினேன்.

பாஸுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, தைப்பூசத்துக்காக எங்கள் அடுக்குமாடியின் கீழே உறுமி மேளம் பழகும் இளைஞர்கள் நினைவுக்கு வந்தார்கள். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் ஒலி, தாழ்ந்த இடத்தில் தொடங்கி மேலே ஏறி மறுபடி இறங்கும். கேம் பாயின் பாஸ் ஸ்தாயிக்கு ஸ்தாயி தாவும் அதே வேலையை அது வழுக்கிக்கொண்டு செய்துவிடும். வாசிக்க முடியுமா என்று நான் கேட்டதும் அந்தக் குழுவின் தம்பி ஒருவர், “அண்ணே, இது கேம் பாட்டுதானே, இதுக்கு எதுக்கு உறுமி?” என்றார். வயலினைப் போட்டுக் காட்டினேன். தேய்க்கத் தொடங்கியவர் முடித்ததும், “இன்னொரு தடவ போடுங்கண்ணே” என்றார். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் இவ்வளவு கைவேலையோடு வளர்த்துவைத்திருக்கும் உறுமியை ஊர்வலத்துக்கு மட்டும் உரியதாக நாம் ஒதுக்கி வைப்பது பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லா விளையாட்டு இசையும் இப்படி இணங்காது. கோஜி கோண்டோ 1985-இல் சூப்பர் மாரியோவுக்கு எழுதிய முதல் மெட்டை எடுத்துப் பார்த்தேன். அதன் உயிர் கார்டுகளின், அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அடுக்குகளின் நகர்வில் இருக்கிறது. ஸ்கேலுக்கு வெளியிலிருந்து சுரங்கள் வந்து நுழைந்தபடியே இருக்கும். அதன் மேல் தம்பூராவை வைத்தால் இரண்டுமே கெடும். அந்த இசையை அது பிறந்த வடிவத்திலேயே கேட்டு மகிழ்வதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை.

கடைசியில் ஒரு சிக்கல் மிஞ்சியது. விளையாட்டு இசைக்கு முடிவு கிடையாது. ஆடுபவர் எவ்வளவு நேரம் ஆடுவார் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியாததால், பாட்டின் முடிவை அதன் தொடக்கத்துக்கே கொண்டுபோய் விடும்படி எழுதுகிறார்கள். மேடையில் அது நடக்காது. பாட்டு எங்கேயாவது நிற்க வேண்டும், அந்த நிற்கும் இடத்தை நெக்ராசவும் தரவில்லை, தனாகாவும் தரவில்லை. நான்தான் எழுத வேண்டும்.

டெட்ரிஸில் விழும் ஒவ்வொரு துண்டும் நான்கு சதுரங்களால் ஆனது. அந்த நான்கைத் தொடக்கமாக வைத்து, ‘ப ம க ரி, ம க ரி, க ரி, ரி’ என்று நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று எனக் கோபுச்ச யதியில் குறைந்துகொண்டே போகும்படி ஒரு தீர்மானம், அதாவது மூன்று முறை வந்து பாட்டை முடிக்கும் கோவை, அமைத்தேன். ஒரு சுற்றுக்குப் பத்து அட்சரம். மூன்று சுற்றுகளுக்கிடையே ஒவ்வோர் அட்சரம் கார்வையாக இடைவெளி விட்டால் மொத்தம் 32; ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கும் நான்கு நான்காக, சதுச்ர நடையில் சரியாக ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுத் தாளச் சுற்று. மூன்றாவது சுற்று முடிந்ததும் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் ஸட்ஜம் வந்து நிற்கும். தாளம் போட்டுச் சரிபார்த்து, நோட்டில் எழுதி, வயலின்காரருக்கு அனுப்பிய பிறகுதான், இந்த ஓர் ஆவர்த்தனம் முழுவதும் நானே எழுதியது என்பதும், எழுதும்போது காது ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை என்பதும் எனக்கு உறைத்தது.

அந்தத் தீர்மானத்தையே கருவாக வைத்துக் கீரவாணியில் ஒரு தில்லானா தொடங்கியிருக்கிறேன். நடனப் பள்ளி ஆசிரியை பல்லவியைக் கேட்டுவிட்டு, மிருதங்கச் சொற்களை இன்னும் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொன்னார். அது நியாயம்தான், பெண்கள் அரைமண்டியில், முழங்காலை மடக்கி நின்று ஆட வேண்டும். அனுபல்லவி பாதியில் இருக்கிறது. சரணத்துக்கு, சைக்கிளில் வந்த அந்தத் துணிக்காரரைப் பற்றி நான்கு வரி வேண்டும்.