வீட்டிலேயே டிரெட்லாக்ஸ்: சீப்பு வேலை சுலபம், அப்புறம்தான் வம்பு

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். யார் எவ்வளவு அக்கறையாக நீட்டினாலும் வாக்ஸ் டப்பாவை மட்டும் தலைக்கு அருகில் விடாதீர்கள்.

டிரெட்லாக்ஸ் என்றால் முடியை வேண்டுமென்றே சிக்காக்கிக் கயிறு மாதிரித் திரட்டிய சடைகள். முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் நானே போட்டு முடித்துவிட்டேன். பின்மண்டையில் சடைக்கு ஒன்றாக முடியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கக் கை எட்டவில்லை. அதை மட்டும் பிரித்துக் கொடுக்கச் சொல்லி ராமநாதபுரத்தில் ஒரு சலூனுக்குப் போனேன். "ராமேஸ்வரம் பக்கம் இருந்துக்கிட்டு மொட்டை போடாம இது எதுக்குத் தம்பி?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்த அண்ணன், என்னைக் கேட்காமலேயே இரண்டு சடைகளில் வாக்ஸை அப்பிவிட்டார். "இது இல்லாம நிக்காது" என்றார். கட்டம் பிரிக்க ஒரு காசு, வாக்ஸுக்குத் தனிக் காசு.

எங்கள் ஊர் மண்டபம், அந்த வெயிலுக்கு அது நிற்கவா செய்யும்? மத்தியானமே உருகிக் கழுத்தில் பிசுபிசுத்தது. அந்த வாரம் தனுஷ்கோடிக் கடற்கரையின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்குப் போனபோது காற்றில் வந்த மணலெல்லாம் அந்த இரண்டு சடையிலும் ஏறிக்கொண்டது. விரலில் வைத்து உருட்டினால் நறநறவென்றது. கொதிக்கக் கொதிக்க இல்லாவிட்டாலும் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், பாத்திரம் கழுவும் லிக்விட் என்று மாற்றி மாற்றி அலசித்தான் ஓரளவு போனது. உள்ளே இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சீவும் வேலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு அங்குலமாவது முடி இருக்க வேண்டும். கண்டிஷனர் போடாமல் அலசி நன்றாகக் காயவைத்து, அங்குலத்துக்கு அங்குலம் கட்டம் பிரித்து, செங்கல் சுவர் வரிசையில் ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். நெருக்கமான பல் உள்ள இரும்புப் பேன் சீப்பு போதும். வேருக்குக் கொஞ்சம் மேலே சீப்பை வைத்து வேரை நோக்கித் தள்ளித் தள்ளிச் சீவி, அப்படியே நுனிவரை போக வேண்டும். முடியின் மேல் செதில்கள் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் எதிர்த்துச் சீவும்போது ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ஒரு பகல் முழுக்கப் போகும், தோள் விட்டுப்போகும். வேரில் வலித்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம், உடனே தளர்த்துங்கள். இழுவை நீடித்தால் அந்த இடத்தில் முடியே கொட்டிவிடும்.

பிதுங்கி நிற்கும் முடிகளை உள்ளே இழுக்க, முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசி வேண்டும். பேன்சி ஸ்டோர்க்காரர் முதலில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை எடுத்து நீட்டினார். வேண்டாமென்றதும் கம்பளி நூலுக்கான தடித்த கொக்கியைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்று பில் போட்டுவிட்டார். வீட்டில் வந்து பார்த்தால் அது சடைக்குள்ளே போகவே மாட்டேன் என்கிறது. திருப்பப் போனால் வித்த பொருளை எடுக்க மாட்டார்களாம். ராமநாதபுரம் போய் வந்த பஸ் காசும் தண்டம். ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்யும் எங்கள் மதினிதான் கடைசியில் வழி சொன்னார். ஆரி சாமான் விற்கும் கடைகளில் நூலுக்கான மெல்லிய எஃகுக் கொக்கி கிடைக்கிறது. 0.75 மி.மீ. கேட்டு வாங்குங்கள். ஆரி ஊசியையே வைத்துச் செய்யலாமே என்று தோன்றும், வேண்டாம். அதன் முனை கூர், முடியை அறுத்துவிடும். பின்மண்டையையும் மதினிதான் முடித்துக் கொடுத்தார், சலூன் அண்ணனைவிடச் சுத்தமாக.

நம் கடற்கரையில் உண்மையான சண்டை தண்ணீரோடும் ஈரத்தோடும்தான். கடலில் குளித்தால் சடை சீக்கிரம் இறுகும் என்பார்கள். உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும், அது உண்மை. ஆனால் அப்படியே விட்டுவிட்டால் அதே உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், சடை காயவே காயாது. குளித்ததும் நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். எங்கள் போர் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளையாகத் திரிந்து சடைக்குள் படிகிறது. அதனால் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில்தான் தலைக்குக் குளியல். தலைக்கு ஒரு குடம் ஒதுக்கினால் வீட்டில் என்ன பேச்சு கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சீயக்காய்த் தூளும் வேண்டாம், திப்பி உள்ளே மாட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் துணியில் வடிகட்டிய தண்ணீர் எனக்கு ஒத்துவந்தது.

காலையில் மட்டும் குளியுங்கள். ஈரத்தோடு படுத்தால், நனைந்த வலையைச் சுருட்டிப் போட்ட மாதிரி ஒரு வாடை வரும். பிறகு பூஞ்சைதான். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் கிள்ளிப் பார்த்தால் சில்லென்று இருக்கும். வெளியே காய்ந்ததை நம்பிக் கட்டிவிடாதீர்கள். கச்சான், அதாவது மேல்காற்று, அடிக்கும் மாதங்களில் மொட்டைமாடியில் கொஞ்சம் நின்றாலே காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் ஆரம்பிக்கவே வேண்டாம்.

அப்பத்தாவைச் சமாளித்தது தனிக் கதை. "எந்தச் சாமிக்குடா நேந்துக்கிட்ட?" என்றார். எந்தச் சாமிக்கும் இல்லை என்றதும்தான் அவருக்குப் பயம் வந்தது. பக்கத்து வீட்டில் "பிள்ளைக்குச் சடை விழுந்துருச்சாம்" என்று செய்தியாகிவிட்டது. ஒரு மத்தியானம் நான் தூங்கும்போது, எப்படியாவது சிக்கு எடுத்துவிடலாம் என்று கை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துவிட்டார். எண்ணெய் பட்டால் புதுச் சடை வழுக்கி அவிழும். முன்பக்கத்தில் பாதியை மறுபடி சீவினேன். அவர் வாயடைத்தது அக்னி தீர்த்தத்தில்தான். வடக்கே இருந்து வந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து அப்பத்தா எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதில்லை.

இன்னும் சில விஷயம். மலிவான ரப்பர் பேண்டு இந்த வெக்கைக்கு இளகி முடியோடு ஒட்டிவிடும், சில வாரத்தில் வெட்டி எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குளியலுக்கும் பிறகு வேரில் ஒன்றையொன்று பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துச் சடைகள் சேர்ந்து ஒன்றாகிவிடும். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்புதான். அது இனி கீழே விழாமல் உள்ளேயே தங்கிச் சடை தடிக்கும், கூடவே நீளமும் குறையும். ஹெல்மெட் இப்போதே எனக்கு ஏறவில்லை. பாம்பன் பாலத்தில் பைக்கில் போகிறவர்கள் ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.